சிசிலி அன்ரியின் இசைத்தட்டுக் கொம்பனி

லிஸ்பனில், ஏற்றமான தெரு ஒன்றில் இருந்த பழைய இசைத்தட்டுக் கடையில் எமிலியானுஸ் அங்கிளைக் கண்டேன். அவர் இறந்து அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மழைக்கு ஒதுங்கி உள்ளே போன நான், 'சோல்' என்று எழுதியிருந்த பெட்டியில் சிறிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் உறையில் அவர் இருந்தார். தடித்த மீசை, கழுத்தை இறுக்கும் டை, கமராவை நம்பாத கண்கள். முகத்தைச் சுற்றி மலர்வளையம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே தமிழில் 'தோற்றம்' என்று ஒரு திகதி, 'மறைவு' என்று இன்னொரு திகதி.

மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில்தான் அவருடைய குடும்பம் இருந்தது. டாக்சி ஓட்டினார். ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் இருப்பார். பாட்டுக்கு வாயே திறக்க மாட்டார்.

நான் அந்த உறையை விடாமல் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர் எழுந்து வந்தார். நல்ல தட்டு, கனடாவில் அடித்தது, லேசில் கிடைக்காது என்றார். பாடகர் பெயர் எமிலியானுஸ். கேட்டால் பெண் குரல் போல இருக்கும், ஆனால் ஆண்தான். அப்படி உச்சத்தில் பாடும் ஆண்கள் இந்த இசையில் நிறையப் பேர். முதல் திகதி அவர் பிறந்தது, இரண்டாவது பாட்டைப் பதிவுசெய்தது. கூட வாசிப்பவர்கள் சிசிலி, றூபன், அஜிதா. கொம்பனியின் பெயர் ஜோதி. உறையைத் திருப்பி, பின்பக்கத்தில் இருந்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெயர்கள் மட்டும் ஆங்கிலத்திலும் இருந்தன. அவற்றுக்கு மேலே இருந்த வரி தமிழில் மட்டுமே இருந்தது: 'பிரிவால் துயருறும்.'

அவருக்கு நான் ஒன்றும் விளக்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அதன் பிறகு நான் போன ஊர்களுக்கெல்லாம் என் பையின் அடியில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, எமிலியானுஸ் அங்கிளும் வந்தார்.

2009 வசந்தத்தில் வீட்டுக்குத் திரும்பியபோது அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன்.

"உலகமெல்லாம் சுத்திப்போட்டு, ஒழுங்கான ஒரு சப்பாத்துக்கூட இல்லாமல், செத்த வீட்டுத் தட்டோட வந்து நிக்கிறாய்," என்றார் அம்மா. "சிசிலியட்டைப் போய்க் கேள். அவ இப்ப பெரிய ஆள். இங்கிலாந்தில இருந்தெல்லாம் வெள்ளைக்காரர் போன் எடுக்கினமாம்."

எமிலியானுஸ் அங்கிளின் மனைவி சிசிலி அன்ரி இப்போது பியர்பொன்ட்ஸில் மகள் அஜிதாவின் வீட்டில் இருக்கிறார். ரயிலும் பஸ்ஸுமாகப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. என்னை நேரே கீழே பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிப்போனார். ஒரு சுவரோடு அரிசி மூட்டைகள், பக்கத்தில் கிறிஸ்மஸுக்குப் பாலன் குடில் வைக்கும் சாமான்கள், அதற்குப் பக்கத்தில் கூரைவரை இசைத்தட்டுப் பெட்டிகள். ஜன்னலுக்குக் கீழே தையல் மெசின். அதன் மேலே பொதி ஒட்டும் டேப்பும் கத்தரிக்கோலும்.

நான் தட்டை நீட்டியதும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"இது பழைய தட்டெல்லே. எங்கயிருந்து எடுத்தனீ?"

"லிஸ்பனில, அன்ரி."

"அங்கயும் போட்டாரோ மனிசன்! உயிரோட இருக்கேக்க ஒட்டாவாவுக்கு வாங்கோ எண்டாலும் வரமாட்டார்."

"உங்களை அவங்கள் பாண்ட்காரர் எண்டு நினைக்கிறாங்கள். நீங்கள் என்ன வாசிக்கிறனீங்கள் எண்டு என்னட்டக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"தையல் மெசின் எண்டு சொல்லு."

அன்று பின்னேரம்வரை பொதி கட்டிக்கொண்டே அவர் சொன்னதுதான் இது.

சிசிலி மன்னார் பேசாலையில் பிறந்தவர். எமிலியானுஸ் முதலில் அகதியாக வந்து, பிறகு மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டார். வந்த மாதமே சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் சிசிலி வேலைக்குச் சேர்ந்தார். குளிர்கோட்டுகளுக்கு உள்துணி தைக்கிற வேலை. அடுத்த மெசினில் இருந்தவர் மிரெய் டெசீர். ஹெய்ட்டியில் இருந்து வந்தவர், வில்லரேயில் வீடு. இருவருக்கும் பொதுவாக இருந்தது தொழிற்சாலைப் பிரெஞ்சு மட்டும்: நூல், ஊசி, கெதியாய், பிழை, சாப்பாடு. ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் இருவரும் இறைச்சி கொண்டுவருவதில்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகு ஒன்றாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். சிசிலியின் மீன் ரோல் மிரெய்க்கு. மிரெய்யின் வீட்டில் ஊறப்போட்ட முட்டைக்கோவாவும் மிளகாயும் சிசிலிக்கு.

மிரெய் வேலை செய்யும்போது பாடுவார். மெசின்களின் சத்தத்துக்கு மேலால் கேட்கும். மேற்பார்வையாளர் வந்தால் நிறுத்துவார், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். சனிக்கிழமைகளில் ஒரு பாண்டோடு பார்களில் சோல் பாட்டுப் பாடினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோயில் பாட்டிலிருந்து பிறந்த இசை அது. கோயிலில் ஆண்டவரை எப்படி இரந்து கூப்பிடுவார்களோ, அப்படியே காதலனையும் கூப்பிடுவார்கள்.

எமிலியானுஸ் வேலை முடிய இரண்டு பெண்களையும் தன் டாக்சியில் ஏற்றிக்கொண்டு வருவார். பிறகு சனிக்கிழமைகளில் மிரெய்யைப் பாருக்குக் கொண்டுபோய் விடுவதும் அவருடைய வேலையாகிவிட்டது. முதலில் வெளியே காருக்குள் இருந்தார். ஒரு மாரியில் கண்ணாடியெல்லாம் உறைந்துபோக, மிரெய் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அன்று முதல் கடைசி மேசையில் ஒரு ஜிஞ்சர் பியரோடு இருப்பார். மிரெய் பாடியதை ஒரு கசெட்டில் பதிந்து கொடுக்க, அதை டாக்சியில் ஓயாமல் போட்டார்.

"உங்களுக்குப் பொறாமை வரேல்லையோ, அன்ரி?"

"எனக்கேன் பொறாமை? பாட்டை அவர் கேட்டார், நான் வீட்டில நிம்மதியா நாடகம் பாத்தன். ரெண்டு பேருக்கும் சனிக்கிழமை நல்லாப் போச்சு."

மிரெய் சொந்தமாக எழுதிய பாட்டு ஒன்றே ஒன்றுதான் அப்போது இருந்தது. வீட்டு வாசலில் காரோடு நிற்கும் ஒருவருக்குப் பாடுவது. ஹோர்ன் அடிக்காதே, சப்பாத்துப் போடுகிறேன், வருகிறேன், ஹோர்ன் அடிக்காதே. அவ்வளவுதான் பாட்டு. கேட்பவர்கள் காதலன் என்று நினைப்பார்கள். அது எமிலியானுஸ். மூன்றாம் மாடியில் இருந்து மிரெய் இறங்கி வருவதற்குள் அவர் ஹோர்ன் அடித்து அந்தத் தெருவையே எழுப்பிவிடுவாராம்.

2003 மாசியில், மெத்ரோ நிலையத்துக்கு முன்னால் டாக்சிகள் நிற்கும் வரிசையில், ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி எமிலியானுஸ் இறந்துபோனார். மாரடைப்பு. உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்தில் செபமாலை முடிந்ததும் மிரெய் எழுந்து, வாத்தியம் எதுவும் இல்லாமல், அந்தப் பாட்டைப் பாடினார். பிரெஞ்சு தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் அழுதார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்துத் தலைவர் மட்டும், இது எந்தப் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கும் மதிய சாப்பாட்டுக்கும் வருபவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது. படம் போட்ட செபப் புத்தகம், செபமாலை, ஏதாவது ஒரு நினைவுப்பொருள் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கம். சிசிலிக்கு வேறெதுவும் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பாட்டைக் கொடுக்க விரும்பினார். மிரெய்யின் பாண்டுக்கோ ஒரு தட்டு அடிக்கவேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது, செலவுக்கு வழியில்லை. செலவு என்னுடையது என்றார் சிசிலி. சீடீ போதும், கெதியாக வரும் என்று மகன் றூபன் சொன்னான். பாண்டில் டிரம் அடிப்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. சோல் பாட்டென்றால் கறுப்புத் தட்டுத்தான், அதுவும் சின்னத் தட்டுத்தான் என்று நின்றார். சிசிலி ஒரு கேள்விதான் கேட்டார்: "அதில அவரின்ர படம் வருமோ?"

வரும் என்றார்கள். பிறகென்ன.

டிரம்காரரின் கராஜில் பாட்டைப் பதிந்தார்கள். தட்டின் நடுவில் ஒட்டும் தாளையும் உறையையும் அடிக்கும் வேலை, வழமைபோல, ஜோதி அச்சகத்து அருமைராசாவிடம் போனது. பார்க் எக்ஸ்டென்ஷனில் கலியாண அட்டை, பூப்புனித நீராட்டு அட்டை, நினைவு மலர் எல்லாம் அவர்தான். எமிலியானுஸுக்கும் எல்லோருக்கும் செய்வதைத்தான் செய்தார். மலர்வளையம், குத்துவிளக்கு, தோற்றம், மறைவு. பின்பக்கத்தில் பிரிவால் துயருறும் மனைவி, மகன், மகள். இங்கே வளர்ந்த பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று பெயர்களை ஆங்கிலத்திலும் போட்டார். அடியில் தன் அச்சகத்தின் பெயர். தமிழ் தெரியாத டிரம்காரர் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று தட்டு அடிக்கும் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார். மிரெய்யின் பெயர் அந்த எழுத்துகளுக்குள் எங்காவது இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

தட்டு அடிக்க எத்தனை வாரம் எடுக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் வந்தது, தட்டு வரவில்லை. உறைகள் மட்டும் அருமைராசாவிடம் தயாராக இருந்தன. கோயில் மண்டபத்தில் சாப்பாடு முடிந்து கை கழுவி வந்தவர்களுக்கெல்லாம் சிசிலி வெறும் உறையைக் கொடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லையே என்று திறந்து பார்த்தவர்களிடம், "சாமான் பேந்து வரும்" என்றார்.

தட்டுகள் வைகாசியில் வந்தன. பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் வைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக் கேட்கும் மெசின் ஒருவர் வீட்டிலும் இல்லை.

"ஒருத்தரும் கேட்கேல்லையோ, அன்ரி?"

"சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சினம். சிவநேசம் அக்கா சுடுசட்டிக்குக் கீழ வைக்கிறதை நான் என்ர கண்ணால கண்டனான்."

முதல் தட்டை அவர் கொண்டுபோய்க் கொடுத்தது மிரெய்யிடம்தான். சாப்பாட்டு நேரம். மிரெய் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, படத்தைத் தடவினார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முன்பக்கம். தட்டை வெளியே எடுத்து, நடுத்தாளின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். அவர் என்ன தேடுகிறார் என்று சிசிலிக்கு முதலில் விளங்கவில்லை. நினைவு மலரில் குடும்பத்தார் பெயரைத் தவிர வேறு பெயர் வருவதை அவர் எங்கேயும் கண்டதில்லை. விளங்கியபோது தட்டு உறைக்குள் போய்விட்டது. "மெர்சி," என்று சொல்லி மிரெய் அதை மெசினுக்குக் கீழே வைத்தார். அடுத்த நாள் வேறு மேசையில் சாப்பிட்டார்.

"நான் மன்னிப்புக் கேட்கலாம் எண்டுதான் இருந்தனான். ஆனா அதுக்கு எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு காணாது. தமிழிலயே காணுமோ தெரியாது," என்றார் அன்ரி. மறுவருடம் தொழிற்சாலையை மூடினார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனார்கள்.

தட்டுகளும் போயின. மொன்றியலில் யூலை முதலாம் திகதிதான் பாதிச் சனம் வீடு மாறும். வேண்டாத கட்டிலும் கதிரையும் பெட்டிகளும் நடைபாதையில் குவியும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பழைய தட்டுத் தேடுபவர்களுக்கு அது அறுவடை நாள். பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் ஒரே மீசைக்காரரின் தட்டு வருடாவருடம் அவர்கள் கையில் அகப்பட்டது. போட்டுக் கேட்டவர்கள் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படியே கடல் கடந்தது.

2007 இல் இங்கிலாந்தில் இருந்து ஒரு வியாபாரி, ஜோதி அச்சகத்தின் பெயரைப் பிடித்து, அருமைராசாவுக்குப் போன் எடுத்தார். ஜோதி ரெக்கோர்ட்ஸ்தானே என்று கேட்டார். அருமைராசா ஓம் என்று சொல்லிவிட்டார்.

"ஏனண்ணை ஓம் எண்டனீங்கள்?" என்று பிறகு சிசிலி கேட்டாராம்.

"நீட்டா இங்கிலீசில கேட்டான், தங்கச்சி. இல்லையெண்டு சொன்னால் ஏன் எண்டு கேப்பான், அதுக்கு எனக்கு இங்கிலீசு வராது."

வியாபாரிக்கு மிச்சமிருக்கும் தட்டுகள் எல்லாம் வேண்டும். எமிலியானுஸின் அடுத்த பாட்டும் வேண்டும். அவர் பாடகர் இல்லை, இறந்தவர் என்று றூபன் வியாபாரிக்கு விளக்கினான். ஆனாலும் தட்டுகள் வேண்டும் என்றார்.

"அம்மா, பெட்டியோட குடுத்துவிடுங்கோ. வீட்டில இடமும் மிஞ்சும்," என்றான் றூபன்.

"மிரெய்யின்ர பேர் இல்லாமல் இனி ஒண்டும் வெளியில போகாது," என்றார் சிசிலி. அவர் மறுத்தது தட்டுக்காக மட்டும் இல்லை. தொழிற்சாலை மூடிய பிறகு தன்னோடு யாரும் அப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று என்னிடம் சொன்னார், டேப்பைப் பல்லால் கடித்தபடி.

அருமைராசாவிடம் மிரெய்யின் பெயரைச் சின்னத் துண்டுகளாக அடித்து வாங்கி, ஒரு தட்டோடு பையில் வைத்துக்கொண்டு வில்லரேக்குப் பஸ் எடுத்தார். அதே மூன்றாம் மாடி. அவர்கள் பேசியது பிரெஞ்சு. அன்ரி எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஹோர்ன் கேட்கேல்லையே. எப்பிடி வந்தனீ?" என்றாராம் மிரெய்.

"பஸ்ஸில. எனக்கு இப்ப ஆர் கார் ஓடுறது?"

உள்ளே விட்டார். கோப்பி போட்டார். சிசிலி தட்டையும் துண்டுகளையும் மேசையில் வைத்து, எங்கே ஒட்டப்போகிறேன் என்று காட்டினார்.

"என்ர பேரை ஒட்டப்போறியோ? கோட்டில விலைத்துண்டு கொழுவுற மாதிரியோ?"

சிசிலி துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"உள்துணி பிழையாத் தைச்சால் நாங்கள் என்ன செய்தனாங்கள், சிசிலி?"

"பிரிச்சுத் தைச்சனாங்கள்."

"மேல ஒரு துண்டை வைச்சு ஒட்டினனாங்களோ?"

"இல்லை."

"அப்ப பிரிச்சுத் தை. அல்லது விடு."

சிசிலி அடுத்த பஸ்ஸில் நேரே அருமைராசாவிடம் போனார். எல்லாவற்றையும் புதிதாக அடிக்கவேண்டும். வியாபாரி போனில் சத்தம் போட்டார். ஆட்கள் தேடுவது பழையதைத்தான், பிழையோடு இருப்பதுதான் அருமை, புதிதாக அடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றார். "அப்ப அவருக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லு," என்றார் சிசிலி. றூபன் அதை இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னான். ஒரு கிழமை கழித்து, புதியதையே எடுப்பதாக வியாபாரியிடம் இருந்து பதில் வந்தது.

புது உறையின் மாதிரியோடு அருமைராசாவையும் கூட்டிக்கொண்டு சிசிலி மறுபடி வில்லரேக்குப் போனார். முன்பக்கத்தில் எமிலியானுஸ் அப்படியே இருந்தார். பின்பக்கத்தில் மிரெய்யின் படமும் பெயரும் பெரிதாக. மிரெய் பார்த்தார். படத்தைச் சுற்றி மலர்வளையம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

"என்னையும் அனுப்பிவைச்சாச்சோ?"

சிசிலி மொழிபெயர்க்க, அருமைராசா தலையைச் சொறிந்தார். "என்ர கொம்பியூட்டரில படம் போட்டால் வளையம் தானா வருது எண்டு சொல்லுங்கோ, தங்கச்சி." மிரெய் சிரித்த சிரிப்பில் கோப்பி மேசையில் கொட்டிவிட்டதாம்.

வளையத்தை எடுப்பதென்று முடிவானது. பிறகு மிரெய் கீழே இருந்த பெயர்களைக் காட்டி, மேலே இருக்கும் தமிழ் வரி என்ன சொல்கிறது என்று கேட்டார். அதுவரை ஒருவரும் அவருக்கு அதைச் சொன்னதில்லை. அவர் பிரிந்ததால் துயரப்படுகிறவர்கள் என்று சிசிலி சொன்னார்.

மிரெய் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "அப்ப நான் ஏன் தனியா நிக்கிறன்? படம் வேண்டாம். என்னை அதுக்குள்ள போடு."

இப்போது அருமைராசாவுக்குச் சிக்கல் வந்தது. "தங்கச்சி, முறை இல்லாமல் பேர் போடேலாது. மனைவி, மகன், மகள், மருமகன், இப்பிடி ஏதாவது வேணும். இவ ஆர் எண்டு போடுறது? சகோதரி எண்டால் ஊர்ச்சனம் என்னைக் கேள்வி கேட்டே கொண்டுபோடும்."

சிசிலிக்கு யோசிக்க நேரம் எடுக்கவில்லை. "என்ன வேலை செய்தவவோ அதைப் போடுங்கோ, அண்ணை."

2008 இல் வந்த தட்டின் பின்பக்கம் இப்படித்தான் இருக்கிறது. பிரிவால் துயருறும் மனைவி சிசிலி, மகன் றூபன், மகள் அஜிதா, பாடகி மிரெய் டெசீர். பாடகி என்ற சொல்லை மட்டும் பிரெஞ்சிலும் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஜோதியில் இன்னும் இரண்டு தட்டுகள் வந்துவிட்டன, இரண்டும் மிரெய் பாடியவை. அருமைராசா தன் கடைக் கண்ணாடியில், கலியாண அட்டைகளுக்குப் பக்கத்தில், அவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார். உறைகளில் இருந்து குத்துவிளக்கை மட்டும் எடுக்கவில்லை. வெளிநாட்டில் அதுதான் கொம்பனியின் சின்னம் என்று நினைத்துப் பழகிவிட்டார்கள்.

கடைசிப் பொதியைக் கட்டி முடித்ததும் அன்ரி என் பக்கம் கையை நீட்டினார்.

"அதைத் தா."

"எதை?"

"லிஸ்பன் தட்டை."

"அன்ரி, இதுக்குத்தான் மதிப்பெண்டு அந்தக் கடைக்காரன் சொன்னவன்."

"பாடினவளின்ர பேர் இல்லாததுக்கு என்ன மதிப்பு?"

இத்தனை ஊர் தாண்டி நெளியாமல் கொண்டுவந்ததைக் கொடுத்தேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்த பெட்டியில் போட்டார். அதற்குள் ஏற்கனவே நிறைய மீசைகள் இருந்தன. புதியதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

வெளியே கார் ஹோர்ன் அடித்தது. பேஸ்மென்ற் ஜன்னலால் காரின் சில்லுகள் மட்டும் தெரிந்தன. ஹோர்ன் மறுபடியும் நீளமாக அடித்தது. மிரெய் போன வருடம்தான் லைசென்ஸ் எடுத்தவர். தபாலுக்குப் பொதிகளைக் கொண்டுபோக வந்திருக்கிறார்.

"அந்த மனிசனே பரவாயில்லை," என்று முணுமுணுத்தபடி அன்ரி சப்பாத்தைத் தேடினார். பிறகு ஜன்னலைத் திறந்து, ஹோர்ன் அடிக்காதே, வருகிறேன் என்று பிரெஞ்சில் கத்தினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.